யார் சொல்வது, யார் கேட்பது: கதை உத்திகளைப் பழகத் தொடங்குவோருக்கு

கதை உத்திகளைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலில்தான் போய் விழுகிறார்கள். உவமை, உருவகம், படிமம், குறியீடு, முரண்நகை, நனவோடை, நோக்குநிலை என்று இருபது முப்பது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். தேர்வு எழுதுவதற்கு அது போதும். ஆனால் ஒரு சிறுகதையைப் படித்துவிட்டு, இது ஏன் இப்படி மனத்தைப் பிசைகிறது என்று யோசிக்கும்போது அந்தப் பட்டியல் கைகொடுப்பதில்லை. உத்தியின் பெயர் தெரிந்திருக்கும். கதையில் அது எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறது என்பது பிடிபடாது.

பெயர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கேள்விகளிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் யோசனை. கேள்விகளைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்கிறது. அதில் மாத்திரை, எழுத்து, அசை, சீர் எல்லாம் யாப்புச் சமாசாரம், இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்று ஒரு தொகுதி அதற்குள் இருக்கிறது. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது, உணர்ச்சி எப்படி வெளியே தெரிகிறது, எது சொல்லாமல் விடப்படுகிறது, பேச்சு பேசுகிறவருக்குப் பொருந்துகிறதா? செய்யுளை முன்வைத்துச் சொன்னவைதான். ஆனாலும் இன்றைய சிறுகதைக்கு இவற்றைவிடக் கச்சிதமான கேள்விகளை நான் எங்கும் பார்க்கவில்லை. இக்காலக் கலைச்சொற்களில் பெரும்பாலானவை இவற்றில் ஏதாவது ஒன்றின் கீழே வந்துவிடும்.

முதலில் கதையைத் தேர்ந்தெடுங்கள்

நாவல் வேண்டாம். ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய சிறுகதை போதும். புதுமைப்பித்தன், கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் ஆகிய மூவரில் ஒருவரிடமிருந்து தொடங்கலாம். புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமையானவை என்பதால் இணையத்திலேயே கிடைக்கும்.

முதல் முறை படிக்கும்போது பென்சிலைத் தொடாதீர்கள். உத்தியைத் தேடிக்கொண்டே படிக்கிறவருக்கு உத்தி மட்டும்தான் கிடைக்கும், கதை கிடைக்காது. முடித்ததும் எந்த இடத்தில் மனம் அசைந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வரியாக இருக்கலாம், ஒரு காட்சியாகவும் இருக்கலாம். இரண்டாம் வாசிப்பு அந்த இடத்தை நோக்கித்தான் போக வேண்டும்.

கூற்று: யார் வாயால் வருகிறது?

இந்தக் கேள்வியை மட்டும் ஒழுங்காகக் கேட்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இன்றைய விமர்சனத்தில் இதை நோக்குநிலை என்பார்கள். ‘நான்’ என்று சொன்னால் தன்மைக் கூற்று; ‘அவன், அவள்’ என்று போனால் படர்க்கைக் கூற்று. படர்க்கையிலும் இரண்டு வகை உண்டு. எல்லார் மனத்துக்குள்ளும் புகுந்து வெளிவருகிற, எல்லாம் அறிந்த கதைசொல்லி ஒரு வகை. ஒரே ஒரு பாத்திரத்தின் தோளில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பாத்திரத்துக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறவர் இன்னொரு வகை. படிக்கும்போது சோதிக்க எளிய வழி இது: யாருடைய மனத்தில் ஓடுவது நமக்குத் தெரிகிறது, யாருடையது தெரியவில்லை? தெரியாத மனங்களின் பட்டியல்தான் முக்கியம்.

வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ தமிழ்ச் சிறுகதையின் தொடக்கக் காலத்தைச் சேர்ந்தது. கதையைச் சொல்வது மரம். ஏதோ விநோதத்துக்காக அப்படி எழுதியிருக்கிறார் என்று பலர் கடந்து போய்விடுகிறார்கள். மரம் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ருக்மிணியின் தந்தை செல்வம் இழந்து போகிறார். புகுந்த வீட்டார் மகன் நாகராஜனுக்கு இரண்டாம் கல்யாணம் ஏற்பாடு செய்கிறார்கள். அவன் அதற்கு இணங்குவதுபோல் நடித்துக் கடைசியில் மறுத்துவிடத்தான் திட்டமிட்டிருக்கிறான். அதை அவன் நண்பனிடம் சொல்வது மரத்தின் காதில் விழுகிறது. ருக்மிணிக்குத் தெரியாது. அவள் குளத்தில் விழுந்து உயிரை விடுகிறாள். உண்மை முழுதும் தெரிந்த சாட்சிக்கு வாய் இல்லை. எல்லாம் அறிந்த கதைசொல்லி இதையே சொல்லியிருந்தால் செய்தி கிடைத்திருக்கும், இந்த இயலாமை கிடைத்திருக்காது. அதே நாகராஜன் தன் வாயால் சொல்லியிருந்தால் அது குற்ற ஒப்புதலாக ஆகியிருக்கும்.

உத்தி எது என்று கண்டுபிடித்தவுடன் நின்றுவிடாமல், இதை நீக்கினால் கதை எதை இழக்கும் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் இழக்காது என்றால் அது அலங்காரம். அலங்காரம் தவறில்லை. ஆனால் அதைப் பற்றி மூன்று பக்கம் எழுத வேண்டியதில்லை.

நம்பகமற்ற கதைசொல்லி என்று ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்றுதான் பொருள் என்பதில்லை. அவர் சொல்வதைத் தவிர நமக்கு வேறு ஆதாரம் இல்லை, அவர் பார்வையையோ நம்ப முடியவில்லை. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ நல்ல பயிற்சிக் களம். தூக்கம் வராத ஓர் எழுத்தாளர், வீட்டு வேலைக்கு வந்து சேர்கிற ஒரு பெண், அவள் மனுஷியா பேயா என்ற சந்தேகம். சொல்வதோ கதை கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர். எந்தெந்த இடத்தில் அவர் சொல்லை நம்பினீர்கள், எங்கே நம்பிக்கை ஆட்டம் கண்டது என்று ஓரத்தில் கோடு போடுங்கள்.

கேட்போர்: யார் காதில் விழுவதற்காக?

இந்தக் கேள்வியை நவீன விமர்சனம் அவ்வளவாகக் கேட்பதில்லை. அகப்பாடல்களைப் படிக்கிறவர்களுக்கோ இது இல்லாமல் ஓர் அடிகூட நகராது, ஏனென்றால் அங்கே புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி, தலைவன், தோழி, செவிலி, பரத்தை என்று யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் பேசுவார். குறுந்தொகையின் எட்டாம் பாடல், ஆலங்குடி வங்கனார் பாடியது, ஆறே அடி. இதை ஆற அமரப் படிப்போம். பல உத்திகள் ஒரே இடத்தில் கிடைக்கும்.

கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மில் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே.

வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானாக உதிரும் இனிய பழத்தை, பொய்கையில் இருக்கும் வாளைமீன் கவ்வும் ஊரைச் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் இருக்கும்போது பெரிய பேச்சுப் பேசினான். தன் வீட்டில் இருக்கும்போதோ, நாம் கையையும் காலையும் தூக்கத் தானும் தூக்குகிற கண்ணாடிப் பாவைபோல, தன் மகனைப் பெற்றவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான்.

பேசுவது பரத்தை. மனைவி தன்னைப் பழித்துப் பேசினாள் என்று கேள்விப்பட்டு, அந்த மனைவிக்கு வேண்டியவர்களின் காதில் விழும்படி இதைச் சொல்கிறாள் என்கிறது பாடலின் அடியில் உள்ள குறிப்பு. நேரே மனைவியிடம் சொல்லவில்லை. தனக்குத் தானே புலம்பவும் இல்லை. எப்படியும் அங்கே போய்ச் சேர்ந்துவிடும் என்று தெரிந்து வீசிய சொல். அதைத் தெரிந்துகொண்டு கடைசி அடியை மறுபடி படியுங்கள். ‘மனைவி’ என்று சொல்லாமல் ‘தன் புதல்வன் தாய்’ என்கிறாள். மகனைப் பெற்றதால் வந்த உரிமைதானே, அதைத் தாண்டி என்ன இருக்கிறது என்ற குத்தல் அதில் இருக்கிறது. கேட்போர் யார் என்று தெரியாமல் படித்தால் இது வெறும் புகார்.

இப்போது இரண்டு ஒப்புமைகளைப் பாருங்கள். ‘ஆடிப் பாவை போல’ என்பது உவமை. ‘போல’ என்ற உவம உருபு வெளிப்படையாக நிற்கிறது, எது எதற்கு ஒப்பு என்பதில் ஐயமில்லை. முதல் இரண்டு அடியில் உருபு எதுவும் கிடையாது. வயல், மாமரம், மீன் என்று ஊரை வருணிக்கிறாள், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் அவளைப் பழித்தவர்களுக்கு அங்கேயே பதில் இருக்கிறது. பழம் தானாக உதிர்ந்தது. மீன் மரமேறிப் பறிக்கவில்லை. அவனை நான் இழுத்து வரவில்லை, அவனாகத்தான் வந்து விழுந்தான். இதுதான் உள்ளுறை உவமம். தெய்வம் நீங்கலாக மற்றக் கருப்பொருள்களைக் களமாகக் கொண்டு இது அமையும் என்பது தொல்காப்பியர் வகுத்த வரையறை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்பது ஒரு நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவை. இன்றைய கட்டுரைகளில் அதே சொல்லைக் கதையின் மையக்கருத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். எந்தப் பொருளில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருள்கள்: உவமை முதல் குறியீடு வரை

உவமையும் உருவகமும் பள்ளியிலேயே படித்தவை. மலர் போன்ற முகம் உவமை, முகமலர் உருவகம். இயல்பாக நடப்பதன் மீது கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொன்னால் தற்குறிப்பேற்றம். மதுரைக் கோட்டை மதில்மேல் காற்றில் அசையும் கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் பார்த்து ‘வாரல்’, அதாவது வராதே என்று கைகாட்டி மறுப்பதுபோல் இருந்தன என்று சிலப்பதிகாரம் சொல்கிறதே, அது. படிமம் என்பது புலனில் தைக்கிற காட்சி. அதற்கு ஒப்பீடு கட்டாயமில்லை.

சிக்கல் குறியீட்டில்தான் வருகிறது. புதிதாகப் படிக்கத் தொடங்கியவர் மழை பெய்தால் துயரம், கிளி வந்தால் அடிமைத்தனம் என்று எழுதத் தொடங்கிவிடுவார். மழை பெரும்பாலும் மழைதான். ஒரு பொருள் முதலில் கதைக்குள் தன் சொந்த வேலையைச் செய்ய வேண்டும். திரும்பத் திரும்ப வர வேண்டும். ஒவ்வொரு வருகையிலும் அதன் கனம் கூட வேண்டும். அப்போதுதான் அதைக் குறியீடு என்று சொல்ல எனக்கு மனம் வரும்.

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ அப்படிப்பட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் கதவில் தொற்றிக்கொண்டு ஆடி விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவில்லாத வாசலில் குளிர்காற்று வீட்டுக்குள் புகுகிறது. பிறகு ஒரு நாள் வேறோர் இடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் கதவைப் பிள்ளைகள் கண்டுவிடுகிறார்கள். கதவு கடைசிவரை கதவாகவே இருக்கிறது. விளையாட்டு, மறைப்பு, மானம் என்று அது எத்தனை பொருளாக இருந்தது என்பது அது போன பிறகுதான் நமக்கே தெரிகிறது. ‘கதவு எதைக் குறிக்கிறது?’ என்று ஒற்றை விடை கேட்கிற வினாத்தாளை மன்னித்துவிட்டு மேலே போங்கள்.

சிலம்பு இதற்கு மாறானது. கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம், பாண்டிமாதேவி சிலம்பின் பரல் முத்து. வழக்கே அந்த வேறுபாட்டில்தான் தீர்கிறது. அந்த இடத்தில் சிலம்பு முதன்மையாகக் கதையை நகர்த்தும் பொருள். அது கூடுதலாக எதையாவது குறிக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

காலம்: எந்த வரிசையில்?

நடந்த வரிசை வேறு, சொல்லும் வரிசை வேறு. நடந்தவற்றின் வரிசையைக் கதை என்றும், சொல்லும் அடுக்கைக் கதைப்பின்னல் என்றும் பிரிப்பார்கள். நோட்டில் சம்பவங்களை நடந்த வரிசையில் ஒரு முறையும், கதையில் வரும் வரிசையில் ஒரு முறையும் எழுதிப் பாருங்கள். ஃபிளாஷ்பேக் எங்கே இருக்கிறது என்பது தானாகத் தெரியும்.

முன்னுணர்த்தலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது: சஸ்பென்ஸைக் கெடுத்துவிடும் என்று. சிலப்பதிகாரத்தின் பதிகமே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறது. இந்திர விழாவில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. பிறகு கண்ணகி ஒரு கனவைச் சொல்கிறாள்: பெரிய நகரம், கோவலன்மேல் ஒரு பழி, மன்னன்முன் தன் வழக்கு, அரசனுக்கும் ஊருக்கும் வந்த தீங்கு. அந்தப் பேச்சு முடிந்த கையோடு கோவலன் வீடு திரும்புகிறான், அவள் சிலம்பை எடுத்துத் தருகிறாள். என்ன நடக்கும் என்பது நமக்கு முன்பே தெரியும். எந்த அடியில் அதைத் தவிர்த்திருக்கலாம் என்ற பதைப்போடு ஒவ்வொரு அடியையும் படிக்கிறோம்.

மெய்ப்பாடும் முன்னமும்

‘அவன் மிகவும் சோகமாக இருந்தான்’ என்று எழுதாதே, காட்டு என்று எழுத்துப் பட்டறைகளில் சொல்வார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இதற்கு இன்னும் நுட்பமான கருவி. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் காரணங்கள். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. கதையில் ஒருவர் அழுதால் இந்த நான்கில் எது என்று கேளுங்கள். இழப்பால் அழுகிறாரா, அவமானத்தாலா? எழுத்தாளர் அதை எந்தச் சிறு செய்கையால் வேறுபடுத்துகிறார் என்பதைத் தேடும்போது கண் கூர்மையாகும்.

முன்னம் என்பது, இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னாருக்கு உரியது என்ற பொருத்தம். சோதிப்பது சுலபம்: உரையாடலில் பெயர்களைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். யார் பேசுவது என்று தெரிகிறதா? கரிசல் கதைகளில் வட்டார வழக்கு இந்த வேலையைத்தான் செய்கிறது, மண்வாசனை தூவுவதற்காக இல்லை.

முரண்நகை

சொல்வதும் பொருளும் எதிரெதிராக நிற்பது ஒரு வகை. புதுமைப்பித்தன் ஒரு சேரிக்கு ‘பொன்னகரம்’ என்று தலைப்பிட்டது அப்படி. தலைப்பே கத்தியாக இருக்கிறது. பாத்திரத்துக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிவது இன்னொரு வகை. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே கோவலன் தன் சிலம்பை விற்கக் கொண்டுபோகும் காட்சியைப் படியுங்கள். கோவலன் பேசும் மரியாதையான ஒவ்வொரு சொல்லும் நம்மை அறுக்கும்.

இன்னொரு வகை நுட்பமானது, அதில் கிண்டலே இருக்காது. கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில், பணக்கார வீட்டுப் பையன் தன் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகப் பெருமை பேசுகிறான். ஏழை வீட்டுச் சிறுமி தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள். அவள் சொல்லும் ராஜா, அவளுடைய அம்மா இரங்கி உள்ளே அழைத்துக் குளிப்பாட்டித் துணி கொடுத்த அநாதைப் பையன். அவன் பெயர் ராஜா. சிறுமிக்கு இதில் முரண் எதுவும் தெரியாது, உண்மையைத்தான் சொல்கிறாள். அவள் தெரிந்து குத்திக்காட்டியிருந்தால் கதை அங்கேயே மலிவாகியிருக்கும்.

எச்சம்

சொல்லாமல் விட்டதைச் சொல்லாலோ குறிப்பாலோ வாசகர் முடித்துக்கொள்வது எச்சம். கடைசிப் பத்திக்கு வரும்போது, இதற்குப் பிறகு ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னால் என்ன சேர்ப்பேன் என்று யோசித்து எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அது கதையைக் கெடுக்கும். ஏன் கெடுக்கிறது என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். அதுதான் எச்சத்தைப் பற்றிய உங்கள் குறிப்பு.

சில நேரம் எச்சத்தை நிரப்ப வெளியறிவு வேண்டும். தொன்மத்தை எடுத்தாளும் கதைகள் அப்படி. புதுமைப்பித்தனின் ‘சாப விமோசன’த்தில், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் இராமன் என்று கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். இராமாயணம் தெரியாதவருக்கு அந்தக் கல் வெறும் அதிசயம்; தெரிந்தவருக்கு அது தீர்ப்பு.

நனவோடை, மாய யதார்த்தம் போன்றவை இன்னும் உண்டு. லா.ச. ராமாமிருதத்தையோ மௌனியையோ படிக்கும்போது அவை தாமாக எதிர்ப்படும், அப்போது பெயரைக் கற்றுக்கொள்ளலாம். 35 பொருளணிகளைச் சொல்லும் தண்டியலங்காரமும் காத்திருக்கட்டும். நான்கைந்து கதைகளை மேலே சொன்ன கேள்விகளோடு படித்து முடித்த பிறகு எடுத்தால், பார்த்த முகங்களுக்குப் பெயர் தெரிந்துகொள்வது போல இருக்கும். அதுவரை நோட்டில் கதைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே கதையின் பெயர், கீழே உங்களை அசைத்த அந்த ஒரு வரி, அதற்குக் கீழே கூற்று, கேட்போர், களன் என்று வரிசையாக. எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு கதைக்கு இரண்டு கட்டம் நிரம்பினாலே நல்ல வாசிப்பு.